சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய பழைய பட்டணத்தை ஊர்க்காரர்போல் சுற்றிப் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பட்டணம் என்று எந்தப் பகுதியைச் சொல்கிறீர்கள்?

தெற்கே புனித ஜார்ஜ் கோட்டை, கிழக்கே துறைமுகம், மேற்கே வால்டாக்ஸ் சாலை, வடக்கே ராயபுரமும் காசிமேடும் என்று எல்லை வைத்துக்கொள்ளலாம். இதற்குள் பாரிமுனை, மண்ணடி, முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை, சௌகார்பேட்டை, ஏழுகிணறு ஆகியவை அடங்கும். அலுவலகப் பதிவுகளில் இதன் பெரும்பகுதிக்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர். ஊர்க்காரர்கள் பாரீஸ் என்பார்கள். 1788-இல் இங்கே வணிகம் தொடங்கிய தாமஸ் பாரியின் நிறுவனப் பெயர்தான் முனைக்கும் வட்டாரத்துக்கும் ஒட்டிக்கொண்டது. வெளியூரிலிருந்து வருபவர்கள் மெரினாவையும் மயிலாப்பூரையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் சென்னை என்ற நகரம் பிறந்து வளர்ந்த இடம் இதுதான் என்பதால், ஒரு முழு நாளை இதற்கென்று ஒதுக்குமாறு மனதார வேண்டிக்கொள்கிறேன்.

நடக்கத் தொடங்கும் முன் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

முன்பு கடல் எங்கே இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். மற்றதெல்லாம் அதிலிருந்தே விளங்கும். இன்றைய ராஜாஜி சாலையைப் பெரியவர்கள் இப்போதும் ஃபர்ஸ்ட் லைன் பீச் என்றும், அதற்கு மேற்கே உள்ள தெருவை செகண்ட் லைன் பீச் என்றும் சொல்வார்கள். அந்தச் சாலையில் நின்று கிழக்கே பார்த்தால் இருப்புப்பாதையும் துறைமுகத்தின் மதிலும் பாரந்தூக்கிகளும்தான் தெரியும். ஓர் அலையைக்கூடப் பார்க்க முடியாது. ஆனால் துறைமுகம் கட்டப்படும் முன் கடல் இந்த வரிசைக்குக் கிட்டத்தில்தான் இருந்தது. தலைமை அஞ்சலகம் (1884), பழைய மெட்ராஸ் வங்கியின் தலைமையிடமாக எழுந்து இப்போது பாரத ஸ்டேட் வங்கி இயங்கும் செங்கல் மாளிகை ஆகியவை கிழக்கு நோக்கி நிற்பதற்குக் காரணம், கப்பலில் வருபவர்களின் கண்ணில் முதலில் படுபவை அவையாக இருந்ததுதான். அந்தக் கட்டடங்களுக்கு எதிரே நின்று, மதிலை மனத்தால் அகற்றிவிட்டு, அங்கே மணலும் அலையும் இருப்பதாக ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.

கடல் ஏன் விலகிப் போனது?

1639 ஆகஸ்டு 22 அன்று கிழக்கிந்தியக் கம்பெனி இந்த மணல்திட்டுக்கு உரிமை பெற்றபோது இங்கே இயற்கைத் துறைமுகம் எதுவும் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் சரக்கும் மசூலா படகுகளில் அலையைத் தாண்டிக் கரைக்கு வந்தாக வேண்டும். அந்தப் படகின் பலகைகள் ஆணியால் அறையப்பட்டவை அல்ல. தேங்காய் நார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை மோதும்போது பலகைகள் வளைந்து கொடுக்கும் என்பதால் படகு உடையாது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நகரத்தின் வணிகம் முழுவதும் அந்த நார்த் தையலையும் படகோட்டிகளின் கைத்திறனையும் நம்பியே நடந்தது.

1861-இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று அமைந்தது. 1876-இல் அலைதடுப்புச் சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். 1881-இல் வந்த புயல் அவற்றைச் சிதைத்துவிட்டது. மீண்டும் கட்டிய பிறகும் கிழக்கு நோக்கிய வாயில் கப்பல்களுக்கு ஒத்துவரவில்லை. 1904 முதல் துறைமுகப் பொறுப்பில் இருந்த பிரான்சிஸ் ஸ்ப்ரிங் காலத்தில்தான் அந்த வாயில் அடைக்கப்பட்டு, வடகிழக்கில் புதிய வாயில் திறக்கப்பட்டது.

இந்தச் சுவர்களால் கரையே மாறியது. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்ததால், தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல் சேராததால் ராயபுரக் கரையைக் கடல் அரித்தது. இன்று வடசென்னைக் கரையோரம் கருங்கற்கள் கொட்டிக் கிடப்பதற்கு அதுவே முதற்காரணம். தென்பகுதி மக்கள் மாலையில் காற்று வாங்கும் மணல்வெளியும், வடபகுதி மீனவர்கள் இழந்த கரையும் ஒரே சுவரின் இரண்டு பக்க விளைவுகள் என்பதை இங்கு வருகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

‘கறுப்பர் நகரம்’ என்று பழைய நூல்களில் வருவது எது? அது இன்றும் இருக்கிறதா?

முதல் கறுப்பர் நகரத்தில் ஒரு வீடும் மிஞ்சவில்லை. கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி, நெசவாளர்களும் வணிகர்களும் கம்பெனிக்காரர்களுக்கு மொழிபெயர்த்து உதவிய துபாஷிகளும் குடியிருந்த ஊர் அது. இப்போது உயர் நீதிமன்ற வளாகம் இருக்கும் நிலம்தான் அதன் இடம். 1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தபோது கோட்டைக்கு அருகிலிருந்த வீடுகளை இடித்தது. 1749-இல் நகரத்தைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், பகைவர் மறைந்து வர இடமிருக்கக் கூடாது என்பதற்காக மீதியையும் இடித்துத் திறந்தவெளியாக்கினார்கள். அங்கிருந்த மக்கள் வடக்கே பெயர்ந்து குடியேறிய ஊர்தான் இன்றைய ஜார்ஜ் டவுன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜின் பெயர் சூட்டப்படும்வரை இதற்கும் கறுப்பர் நகரம் என்றே பெயர் வழங்கியது.

இதற்குக் கல்லில் ஒரு சாட்சி இருக்கிறது. பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் மூலையில், நடைபாதையை ஒட்டி, கூம்பிய தலையுடன் கூடிய ஒரு குட்டைத் தூண் நிற்கிறது. இதற்குத் தெற்கே யாரும் வீடு கட்டக் கூடாது என்று எல்லை குறிப்பதற்காக 1773-இல் நட்ட ஆறு தூண்களில் இது ஒன்றே எஞ்சியது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் கடந்து போகிறார்கள். அதன் அருகில் நின்று தெற்கே பார்த்தால், ஓர் ஊரையே இடித்துத் தள்ளிய இடம் இதுதானா என்று மனம் கனத்துவிடும்.

அதேபோல, மேற்கு எல்லையில் உள்ள வால்டாக்ஸ் சாலையின் பெயரிலும் ஒரு கதை உண்டு. புதிய ஊரைச் சுற்றிக் கட்டிய மதிலுக்கான செலவை மக்களிடமிருந்து ‘வால் டாக்ஸ்’, அதாவது மதில் வரியாகத் தண்ட நினைத்தார்கள்; அந்த வரி வசூலாகவே இல்லை, ஆனால் சாலையின் பெயரில் தங்கிவிட்டது. மதிலின் மிச்சப் பகுதி ஒன்றைப் பழைய சிறைச் சாலையில், மாடிப் பூங்கா என்ற பெயரில் பார்க்கலாம்.

கோட்டைக்குள் பொதுமக்கள் போகலாமா?

போகலாம். தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் அங்கே இருப்பதால் வாயிலில் சோதனை உண்டு. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. 1947 ஆகஸ்டு 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி அங்கே பாதுகாக்கப்படுகிறது, அதற்காகவே போகலாம்.

புனித மரியாள் ஆலயத்தை (1680) விட்டுவிடாதீர்கள். ஆலயத்தைச் சுற்றிலும் நீங்கள் கால் வைக்கும் தளம் முழுவதும் கல்லறைக் கற்கள். அவை முதலில் இங்கே இருந்தவை அல்ல. கோட்டைக்கு வெளியே இடுகாட்டில் இருந்தன. 1758–59 முற்றுகையின்போது பிரெஞ்சு வீரர்கள் அந்தக் கல்லறைகளின் மறைவில் பதுங்கிச் சுட்டதால், கற்களைப் பெயர்த்து வந்து இங்கே பதித்துவிட்டார்கள்.

தெருக்களுக்குள் வழி தவறாமல் நடப்பது எப்படி?

வரைபடத்தை ஒருமுறை பார்த்தால் அச்சம் நீங்கிவிடும். முத்தியால்பேட்டையில் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு, அரண்மனைக்காரன் தெரு ஆகியவை ஒன்றுக்கொன்று இணையாகத் தெற்கு வடக்காக ஓடுகின்றன. கடல் கிழக்கே இருக்கிறது என்பது நினைவில் இருந்தால் திசை குழம்பாது. இதற்கு மேற்கே பிராட்வே, அதாவது இன்றைய பிரகாசம் சாலை. அது ஒரு காலத்தில் கிழக்கே முத்தியால்பேட்டையையும் மேற்கே பெத்துநாயக்கன்பேட்டையையும் பிரித்த பள்ளமான வடிகால். ஸ்டீபன் பாபம் என்ற வழக்கறிஞர் அதைச் சீர்படுத்தித் தெருவாக்கினார்.

பெயர்ப் பலகையைவிடக் கடைகளே நல்ல வழிகாட்டி. தாள் மணத்தால் ஆண்டர்சன் தெருவையும் பந்தர் தெருவையும், துணிக் கட்டுகளால் கோடவுன் தெருவையும், கண்ணாடிகளால் தேவராஜ முதலித் தெருவையும், உலர்ந்த வேர்களும் பட்டைகளும் கலந்து வீசும் வாசனையால் ராசப்பச் செட்டித் தெருவின் நாட்டு மருந்துக் கடைகளையும் அறியலாம். ஒரே சரக்கை விற்பவர்கள் அடுத்தடுத்துக் கடை வைத்திருப்பதால் விலை ஒப்பிடுவது எளிது. ஒரு கடையில் இல்லாத பொருளைப் பக்கத்துக் கடையிலிருந்து வாங்கிவந்து கொடுக்கும் வழக்கமும் இங்கே உண்டு. கொத்தவால்சாவடியின் காய்கறி மொத்த வணிகம் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. பெயரைக் கேட்டு வருபவர்கள் அந்தப் பழைய பரபரப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரே ஒரு தெருவுக்குத்தான் நேரம் இருக்கிறது. எதைத் தேர்வு செய்வது?

தயங்காமல் அரண்மனைக்காரன் தெருவுக்குப் போங்கள். பெயரைக் கேட்டு அரண்மனையைத் தேடாதீர்கள். ஆர்மேனியன் என்ற சொல் மக்கள் வாயில் அரண்மனைக்காரனாக மாறிவிட்டது. பாரசீகத்திலிருந்து வந்து பட்டும் மணியும் வணிகம் செய்த ஆர்மேனியர்கள் இந்தத் தெருவில் வாழ்ந்தார்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-இல் முதல் பாலத்தைத் தம் பணத்தில் கட்டிய கோஜா பெட்ரஸ் உஸ்கான் அவர்களில் ஒருவர்.

அவர்களின் தேவாலயம் 1772-இல் கட்டப்பட்டது. தெருவின் இரைச்சலிலிருந்து கனத்த மரக்கதவைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைத்ததும் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். மணிக்கூண்டு தனியாக நிற்கிறது. அதில் ஆறு பெரிய மணிகள் இருக்கின்றன. முற்றத்தில் தரையோடு தரையாகப் பதிந்த கற்களில் ஆர்மேனிய எழுத்துகள் செதுக்கப்பட்டுள்ளன; மொழி தெரியாவிட்டாலும் விரலால் தொட்டுப் பார்த்தால் செதுக்கலின் ஆழம் தெரியும். உலகின் முதல் ஆர்மேனிய இதழான ‘அஸ்தராரை’ 1794-இல் இதே சென்னையில் அச்சிட்டு வெளியிட்ட பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மவோனியன் இந்த முற்றத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஒரு மக்களின் இதழியல் அவர்களுடைய தாய்நாட்டில் பிறக்காமல், நம் ஊர்த் தெரு ஒன்றில் பிறந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

வெளியே வந்தால், அதே தெருவில் மரியன்னை இணைப் பேராலயம் இருக்கிறது. அங்குள்ள அந்தோணியாரை வேண்டிக்கொள்ளச் செவ்வாய்க்கிழமைதோறும் எல்லா மதத்தினரும் வருகிறார்கள். சிறிது தொலைவில் கச்சாலீசுவரர் கோயில். பக்கத்து அங்கப்ப நாயக்கன் தெருவில் மஸ்ஜித் மாமூர்.

எந்தெந்தக் கோயில்களைப் பார்க்க வேண்டும்?

பூக்கடைக்கு அருகில் உள்ள சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீசுவரர் கோயில்களுக்குப் பட்டணம் கோயில் என்று பெயர். பழைய கறுப்பர் நகரத்தில் இருந்த கோயில் இடிக்கப்பட்டபோது, மாற்று நிலம் பெற்று, மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியால் இங்கே எழுப்பப்பட்டவை இவை. ஊரோடு சேர்ந்து இடம்பெயர்ந்த தெய்வங்கள் என்பதால் இவற்றையே முதலில் சொல்வேன்.

ராசப்பச் செட்டித் தெருவில் உள்ள கந்தகோட்டம், ஏழுகிணற்றில் வாழ்ந்த இராமலிங்க வள்ளலார் இளம் வயதில் முருகனைப் பாடிய தலம். தம்புச் செட்டித் தெருவின் காளிகாம்பாள் கோயிலுக்கு 1677-இல் சத்ரபதி சிவாஜி வந்து வழிபட்டார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நடுப்பகலில் கோயில்கள் நடை சாத்தியிருக்கும் என்பதால் காலையிலோ மாலையிலோ போங்கள்.

காசிமேட்டுக்கு எப்போது போக வேண்டும்?

விடியும் முன் போக வேண்டும். வெயில் ஏறிய பிறகு போனால் கழுவிவிட்ட தளமும் காலிக் கூடைகளும்தான் மிஞ்சியிருக்கும். படகு அணைந்ததும் மீன் கூடை கூடையாக இறங்கி, ஏலம் தொடங்கிவிடும். ஏலம் கூறுபவரைச் சுற்றி வியாபாரிகள் நெருக்கியடித்து நிற்க, விலை ஏறும் வேகத்தைப் புதிதாக வருபவரின் காது பின்தொடர முடியாது. இரண்டு மூன்று ஏலங்களைச் சற்றுத் தள்ளி நின்று கேட்ட பிறகுதான் எது தொகை, எது ஆளின் பெயர் என்பது பிடிபடும். பனிக்கட்டியை நொறுக்கும் ஓசை, தலையில் கூடையோடு “ஓரம், ஓரம்” என்று வருபவர்கள், கூறு கட்டி விற்கும் பெண்கள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். வழியில் நிற்காமல் ஓரமாக நிற்பதே அங்கே நாம் காட்டக்கூடிய முதல் மரியாதை. தரை முழுவதும் உப்புநீர் என்பதால் வழுக்காத ரப்பர் செருப்பு அணிந்துகொள்ளுங்கள்.

வஞ்சிரமும் வவ்வாலும் எல்லோரும் கேட்பவை. காரப்பொடி, சங்கரா, கவலை, நெத்திலி போன்றவற்றைக் கேட்டு வாங்குங்கள். விலையும் குறைவு, குழம்பின் சுவையும் கூடுதல். செவுள் சிவந்தும் கண் தெளிந்தும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, அங்கேயே வெட்டித் தருபவர்களிடம் கொடுத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு மீன் வாங்குவோர் கூட்டம் அலைமோதும். பார்க்க மட்டும் வருபவர்கள் வேறு நாளில் வருவது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது போனால், வலை பின்னுவதையும் படகுகளுக்கு வண்ணம் பூசுவதையும் பார்க்கலாம்.

ராயபுரத்தில் வேறு என்ன இருக்கிறது?

முதலில் இரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய இரயில் நிலையக் கட்டடம் இது; முகப்பின் உயரமான தூண்களை நின்று பாருங்கள். ராயபுரம் என்ற ஊர்ப்பெயர் இராயப்பரிடமிருந்து, அதாவது புனித பேதுருவிடமிருந்து வந்தது. கப்பலுக்கும் கரைக்கும் இடையே படகோட்டிய சமூகத்தினர் எழுப்பிய அவருடைய தேவாலயம் இங்கே இருக்கிறது. 1910-இல் அமைந்த பார்சிகளின் அக்கினிக் கோயிலும் இங்கே உண்டு. தமிழ்நாட்டில் அவர்களுக்கு உள்ள ஒரே கோயில் அது. பிற மதத்தினருக்கு உள்ளே அனுமதி இல்லை என்பதால் வெளியே இருந்து பார்த்துவிட்டு நகருங்கள். ஸ்டான்லி மருத்துவமனையை முதியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது.

எங்கே, என்ன சாப்பிடலாம்?

மாலையில் செகண்ட் லைன் பீச்சில் அத்தோ சாப்பிடுங்கள். 1960-களில் பர்மாவில் உடைமைகளை இழந்து கப்பலேறி வந்த தமிழர்களுக்குப் பிழைப்புக்காகக் கிடைத்த இடம்தான் துறைமுகத்துக்கு எதிரே உள்ள பர்மா பஜார். அவர்கள் கொண்டுவந்த உணவு இது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய்த் தூள், நொறுக்கிய பேஜோ (மொறுமொறுப்பான வறுவல்) எல்லாவற்றையும் கையால் கலந்து தட்டில் வைப்பார்கள். கூடவே வாழைத்தண்டுச் சாறு ஒரு கிண்ணத்தில் வரும். அவித்த முட்டையைப் பிளந்து, வறுத்த வெங்காயம் திணித்து, புளிநீர் தெளித்துத் தருவதையும் கேட்டு வாங்குங்கள்.

சௌகார்பேட்டையில் தங்கசாலைத் தெருப் பக்கம் சூடான ஜிலேபி, கச்சோரி, பாதாம் பால், சிறு முறுக்குகளுக்கு இடையே காய்த் துண்டுகளும் சட்னியும் வைத்த முறுக்கு சாண்ட்விச் ஆகியவை கிடைக்கும். ரமலான் மாதமானால் மாலையில் மண்ணடிக்கு வாருங்கள். நோன்புக் கஞ்சியின் மணம் தெருமுனையிலேயே வரவேற்கும்.

எந்த நாளில், எந்த மாதத்தில் வரலாம்?

வணிகத்தைப் பார்க்க வேண்டுமானால் வேலை நாளின் காலை பத்து மணிக்குப் பிறகும், கட்டடங்களைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிறு காலையும் ஏற்றவை. ஞாயிறன்று கடைகள் பல அடைத்திருப்பதால், மற்ற நாட்களில் விளம்பரப் பலகைக்கும் வண்டிக்கும் பின்னால் ஒளிந்திருக்கும் மரத்தூண்கள், திண்ணைகள், மாடத்துச் சுதை வேலைகள் எல்லாம் கண்ணில் படும். குறிப்பாகப் பவளக்காரத் தெருவில் நிதானமாக நடக்கலாம். டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தத் தெருக்களில் தண்ணீர் தேங்கும்.

எப்படி வந்து சேர்வது?

மெட்ரோவில் உயர் நீதிமன்றம் அல்லது மண்ணடி நிலையத்தில் இறங்கலாம். புறநகர் இரயிலில் கோட்டை, கடற்கரை, ராயபுரம் ஆகிய மூன்று நிலையங்களும் பயன்படும். சொந்த வண்டியில் வருவதைத் தவிர்த்துவிடுங்கள், நிறுத்த இடமிருக்காது. தெருக்களில் கைவண்டியும் மீன்பாடி வண்டியும் பாரத்தோடு வரும்போது சட்டென்று நிறுத்த முடியாது. வழிவிட வேண்டியது நாம்தான்.

உயர் நீதிமன்றத்தின் சுவரில் எம்டன் குண்டு விழுந்த இடம் இருக்கிறதாமே?

1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. குண்டுகளில் ஒன்று இந்த வளாகத்தில் விழுந்ததைக் குறிக்கும் கல்வெட்டு கிழக்குச் சுற்றுச்சுவரில் இருக்கிறது. ‘அவன் பெரிய எம்டன்’ என்று நாம் சொல்வது அந்த இரவிலிருந்து வந்த வழக்கு. 1892-இல் கட்டி முடிக்கப்பட்ட நீதிமன்றத்தின் உயர்ந்த கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது என்பதையும் அண்ணாந்து பார்க்கும்போது நினைவில் வையுங்கள்.

துறைமுகத்துக்குள் போகலாமா? படம் எடுக்கலாமா?

துறைமுகத்துக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைய முடியாது. அதன் வாயில்கள், கோட்டை, நீதிமன்றம் ஆகிய இடங்களில் காவலரைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். தெருவில் உழைப்பவர்களை எடுக்கும் முன் “எடுக்கலாமாண்ணே?”, “எடுக்கட்டுமாக்கா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு இருப்பவரிடம் கேட்காதீர்கள். இறக்கி வைத்துவிட்டுத் துண்டால் முகம் துடைக்கும்வரை காத்திருந்து கேளுங்கள்.